பெண்ணும் பிரகிருதியும்: புனைகதையின் சாட்சியம்



பூமியைத் தாய் என்றும், நதியைத் தேவி என்றும், பொறுமைக்குப் பெண்ணும் நிலமுமே உவமை என்றும் தலைமுறை தலைமுறையாகச் சொல்லிப் பழகிவிட்ட ஒரு சமுதாயத்தில், பெண்ணுக்கும் இயற்கைக்கும் உள்ள சம்பந்தத்தைப் பற்றிப் பேச எழுந்து நிற்கிறவனுக்கு நேரும் முதற் சங்கடம், அவன் வாய் திறப்பதற்கு முன்பே சபையில் பாதிப்பேர் உடன்பட்டுத் தலையசைக்கத் தொடங்கிவிடுகிறார்கள் என்பதுதான். அந்த உடன்பாட்டை இன்று சற்றுக் கலைக்க விரும்புகிறேன். பெண் பிரகிருதிக்குச் சமீபமானவள் என்ற வாக்கியத்தைப் புகழாகச் சொன்னவர்களும் உண்டு, இகழாகச் சொன்னவர்களும் உண்டு. இரு சாராரும் அதை அவளுடைய பிறவிக் குணமாகவே கொண்டார்கள். நல்ல கதாசிரியர்கள், அதிலும் பெண்களாகிய கதாசிரியர்கள், அப்படிக் கொள்ளவில்லை என்பது என் அபிப்பிராயம். அவர்களுடைய கதைகளில் அந்தப் பந்தம் வேலையால் உண்டாகிறது, வறுமையால் இறுகுகிறது, ஒரு பெண் நெஞ்சறிந்து செய்யும் தீர்மானத்தால் சில சமயம் பிறக்கிறது, சில சமயம் அறுந்தும் போகிறது. பெண்களைப் பற்றிப் பேச ஓர் ஆண் எதற்கு என்று முன்வரிசையில் யாரேனும் நினைத்தால், அந்தக் கேள்வியை என்னை அழைத்தவர்களிடம் கேட்டுக்கொள்ளும்படி வேண்டுகிறேன்.

இந்தப் பந்தத்தை ஆராய்ந்து, 'சூழலியல் பெண்ணியம்' என்று இன்று வழங்கும் சித்தாந்தத்துக்குப் பெயர் சூட்டியவர் பிரெஞ்சு எழுத்தாளர் பிரான்ஸுவாஸ் தோபோன். பெண்ணின் கருவளத்தையும் மண்ணின் வளத்தையும் ஆண் தன் வசப்படுத்திக்கொண்டதே உலகம் இன்று அநுபவிக்கும் கேட்டுக்கு மூலம் என்று 1974-இல் வெளியிட்ட நூலில் அவர் வாதித்தார். ஆறு வருஷங்கள் கழித்து, அமெரிக்காவில் கரோலின் மெர்ச்சன்ட் என்ற வரலாற்று ஆசிரியை 'இயற்கையின் மரணம்' என்ற நூலை எழுதி, பூமி ஓர் உயிருள்ள தாய் என்று ஐரோப்பியர் நம்பியிருந்த காலத்தில் அந்த நம்பிக்கையே அவர்கள் கைக்கு ஒரு கடிவாளமாக இருந்தது என்றும், பதினேழாம் நூற்றாண்டின் விஞ்ஞானம் பூமியை உயிரற்ற யந்திரமாக்கியபோது கடிவாளம் அறுந்தது என்றும் விளக்கினார். இதற்கு அவர் காட்டும் சாட்சிகளுள் ஒன்று ரசமானது. 1556-இல் அச்சேறிய அக்ரிகோலாவின் சுரங்கத் தொழில் நூலில், நிலத்தைக் குடைவது பாவம் என்றும், தோண்டுவதால் வயல்கள் பாழாகின்றன, காடுகள் அழிகின்றன, ஓடைகள் நஞ்சாகி மீன்கள் சாகின்றன என்றும் அந்தக் காலத்திலேயே ஆட்சேபித்தவர்களின் வாதங்களை ஆசிரியர் எடுத்துரைத்து மறுத்துக்கொண்டு போகிறார். மறுப்பதற்காகவேனும் அவற்றைச் சொல்ல வேண்டியிருந்தது; பின்னால் வந்தவர்களுக்கு அந்தச் சிரமமும் இல்லாமற் போயிற்று.

மெர்ச்சன்டின் வாதத்தை நான் மதிக்கிறேன். ஆனால் தாய் என்று அழைத்தால் கை கூசும் என்பதற்கு நம் தேசத்து அநுபவம் அநுகூலமாகச் சாட்சி சொல்லவில்லை. பாலாற்றின் பெயரிலேயே பால் இருக்கிறது. வாணியம்பாடியிலும் ஆம்பூரிலும் ராணிப்பேட்டையிலும் தோல் பதனிடும் தொழிற்சாலைகளின் கழிவு அந்த ஆற்றையும் சுற்றியுள்ள நிலத்தடி நீரையும் கெடுத்ததன் மேல் எழுந்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996-இல் தீர்ப்பளிக்க வேண்டி வந்தது. கெடுத்தவனே ஈடு செய்ய வேண்டும் என்ற நியாயம் நம் சட்டத்தில் வேரூன்ற உதவிய தீர்ப்பு அது. நதிகளைத் தொழுகிற ஜனங்கள்தாம் நதிகளைக் கெடுத்தார்கள். தொழுவது ஒரு வேளை, கெடுப்பது மறு வேளை.

இந்தியாவில் இந்தச் சித்தாந்தத்துக்கு முகம் கொடுத்தது இமயச் சாரலில் உள்ள ரேணி என்ற கிராமம். 1974 மார்ச் 26-ஆம் தேதி, ஊர் ஆண்கள் நஷ்ட ஈட்டுப் பணம் வாங்கச் சமோலிக்குப் போயிருந்த சமயத்தில், மரம் வெட்ட வந்த ஆட்களைக் கௌரா தேவி என்ற விதவையின் தலைமையில் பெண்கள் வழிமறித்துத் திருப்பி அனுப்பினார்கள். இதைக் கேட்டவுடன் தாய்மை என்றும் கருணை என்றும் உருகுகிறவர்கள், அந்தப் பெண்களின் ஒரு நாளைக் கணக்கிட்டுப் பார்த்ததில்லை. விறகு அவர்கள் தலையில். மாட்டுக்குத் தழை அவர்கள் முதுகில். தண்ணீர்க் குடம் அவர்கள் இடுப்பில். நான்கு வருஷங்களுக்கு முன், 1970-இல், அளகநந்தா பெருகி வந்து ஊர்களை அடித்துக்கொண்டு போனதையும் அவர்கள் கண்ணாரக் கண்டிருந்தார்கள். காடு போனால் தங்கள் நடை இன்னும் எத்தனை நாழிகை நீளும் என்பது அவர்களுக்குத் தெரியும். இந்தப் பெண்களின் போராட்டத்தை ஆதாரமாகக் கொண்டு வந்தனா சிவா 1988-இல் எழுதிய நூலில் பெண்மையையே பிரகிருதியின் சக்தியாகக் கண்டார். பொருளாதார அறிஞர் பீனா அகர்வால் 1992-இல் அதை மறுத்து, எந்தப் பெண், எந்தச் சாதி, எந்த வர்க்கம், யார் பேரில் நிலம் என்று கேட்டார். இந்த வழக்கில் என் வாக்கு அகர்வாலுக்கு. கதைகளும் அவர் பக்கமே நிற்கின்றன என்பதைக் காட்டத்தான் இவ்வளவு பீடிகை.

நம் பழைய இலக்கியத்திலிருந்தே தொடங்கலாம். நற்றிணையின் 172-ஆம் பாட்டில் ஒரு குட்டிக் கதை ஒளிந்திருக்கிறது. சிறுமியாக இருந்தபோது தோழியரோடு விளையாடி மணலில் புதைத்த புன்னை விதை முளைத்துவிட, அதற்கு நெய்யும் பாலும் ஊற்றி வளர்த்தவள் பெரியவளாகிறாள். அந்த மரம் உனக்குத் தங்கை முறை என்று தாய் சொல்லியிருக்கிறாள். ஆகவே அதன் நிழலில் காதலனோடு சிரித்துப் பேச அவளுக்கும் தோழிக்கும் வெட்கம். நெய்யும் பாலும் ஊற்றிய கை இல்லாவிட்டால் அந்த உறவு இல்லை. காளிதாசனின் சகுந்தலையும் அப்படியே; தபோவனத்துச் செடிகளுக்கு நீர் வார்க்காமல் தான் நீர் அருந்தாதவள் அவள். விடைபெறும் போது வனம் அவளுக்காக வருந்துகிறதென்றால், அத்தனை நாள் குடம் சுமந்ததற்கு அது பதில் மரியாதை. இவற்றை இன்னும் விரித்தால் பொழுது போய்விடும்; நான் நெடுநேரம் நிற்க விரும்பும் இடம் வேறு.

அமெரிக்காவின் மேய்ன் மாநிலத்தில் சௌத் பெர்விக் என்ற சிற்றூரில் பிறந்த சாரா ஆர்ன் ஜூவெட் 1886-இல் 'ஒரு வெள்ளைக் கொக்கு' என்ற சிறுகதையை வெளியிட்டார். சில்வியா என்பவள் ஒன்பது வயதுச் சிறுமி. ஆலைகள் நெருங்கிய பட்டணத்திலிருந்து பாட்டியின் பண்ணைக்கு வந்தவள். தினமும் மாலையில் காட்டுக்குள் போய் ஒளிந்து நிற்கும் பசுவைத் தேடி ஓட்டிவருவது அவள் வேலை. பட்டணத்தில் வாடிக் கிடந்தவள் இங்கே வந்த பிறகுதான் உயிர்பெற்றாள் என்று ஆசிரியை சொல்கிறார். ஒருநாள் துப்பாக்கியோடு ஓர் இளைஞன் வருகிறான். பறவைகளைச் சுட்டு, உள்ளே பஞ்சடைத்துச் சேகரிக்கிறவன். அந்தப் பக்கத்தில் அரிதாகத் தென்பட்ட வெள்ளைக் கொக்கின் கூடு இருக்குமிடத்தைக் காட்டினால் பத்து டாலர் தருவதாகச் சொல்கிறான். பாட்டியின் வறுமைக்குப் பத்து டாலர் பெரிய தொகை. அதைவிடப் பெரிது, அந்தப் பெண்ணின் மனத்தில் அவன்மேல் அரும்பிவிட்ட பிரியம். விடியுமுன் அவள் தனியே எழுந்து போய், காட்டின் விளிம்பில் நிற்கும் மிக உயர்ந்த பைன் மரத்தின் உச்சிக்கு ஏறுகிறாள்; அங்கிருந்து வாழ்நாளில் முதன்முறையாகக் கடலைப் பார்க்கிறாள்; கொக்கையும் கூட்டையும் பார்க்கிறாள். கிழிந்த சட்டையோடு வீடு திரும்பியவளை, பாட்டியும் விருந்தாளியும் எதிர்பார்த்து நிற்கிறார்கள். அவள் பேசவில்லை. பாட்டி அதட்டியும் பேசவில்லை.

இந்தக் கதையை வாசித்து, பெண் குழந்தை பறவையைக் காத்தாள், ஆண் கொல்ல வந்தான் என்று இரண்டு வரியில் கணக்கு முடித்துவிடுகிறவர்கள் உண்டு. அவர்கள் இரண்டு சங்கதிகளைக் கவனிப்பதில்லை. முதலாவது, அந்த இளைஞன் துஷ்டன் அல்லன். அவனுக்குப் பறவைகளைப் பற்றி நிறையத் தெரியும். அவற்றின்மேல் ஆசையும் உண்டு. அன்பான வார்த்தை பேசுகிறான். நேசிக்கிற பொருளை உடைமையாக்கிக்கொள்ளாமல் இருக்க முடியாத ஓர் அறிவு அவனுடையது, அவ்வளவே. இரண்டாவது, சில்வியாவின் மௌனம் இலவசமாகக் கிடைத்ததன்று. அவள் பணத்தையும் இழந்தாள், அவனுடைய தோழமையையும் இழந்தாள். அந்த வேட்டைக்காரன் ஆகியிருக்கக்கூடிய நண்பனைவிடப் பறவைகள் நல்ல நண்பர்கள்தாமா என்று கதையின் முடிவில் ஆசிரியையே சந்தேகப்படுகிறார். கொக்கைக் காட்டிக்கொடாமை அவளுக்குச் சுபாவமாக இருந்திருந்தால் இந்தச் சந்தேகத்துக்கு இடமேது? மரத்தில் ஏறும்போது அவள் சொல்லிவிடத்தான் ஏறினாள். இறங்கி வந்த பிறகே மறுத்தாள்.

கதை வெளிவந்த வருஷத்தை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். அதே 1886-இல் பிராங்க் சாப்மன் என்ற பறவையியலர் நியூயார்க் நகரத்துக் கடைத்தெருவில் நடந்துகொண்டே, எதிர்ப்பட்ட சீமாட்டிகளின் தொப்பிகளில் செருகியிருந்த பறவைகளை இனம் கண்டு எண்ணினார். நாற்பது இனங்கள் தேறின. கொக்குகளின் முதுகில் இனப்பெருக்கப் பருவத்தில் மட்டும் முளைக்கும் மெல்லிய வெண்தூவிக்குப் பொன்னை மிஞ்சும் விலை ஏறிய காலம் அது. தாய்ப்பறவையைச் சுட்டுத் தூவியைப் பறித்த பின், கூட்டில் குஞ்சுகள் பட்டினியால் செத்தன. அணிந்தவர்கள் பெண்கள். பத்து வருஷம் கழித்து, 1896-இல், பாஸ்டன் நகரத்தில் ஹாரியெட் ஹெமன்வே, மின்னா ஹால் என்ற இரு மாதர்கள் தங்களைப் போன்ற செல்வ வீட்டுப் பெண்களைத் தேநீர் விருந்துக்கு அழைத்து, இறகு அணிவதில்லை என்று சம்மதிக்கச் செய்தார்கள். மாஸச்சூஸெட்ஸ் ஆடுபன் சங்கம் அப்படிப் பிறந்தது. சுட்டவர்கள் ஆண்கள், சூடியவர்கள் பெண்கள், வேண்டாம் என்று கழற்றி வைத்தவர்களும் பெண்கள். கழற்றி வைத்ததற்குக் காரணம் அவர்கள் பெண்களாகப் பிறந்தது என்றால், சூடியிருந்ததற்கும் அதே காரணத்தைத்தானே சொல்லவேண்டும்?

இனி நம் தேசத்துக்கு வருவோம். மைசூரில் பிறந்து இங்கிலாந்தில் குடியேறிய கமலா மார்க்கண்டேயா 1954-இல் ஆங்கிலத்தில் எழுதிய நாவலில், ருக்மிணி என்ற குடியானவப் பெண் தன் கதையைத் தானே சொல்கிறாள். தென்னாட்டுக் கிராமம், பெயர் சொல்லப்படவில்லை. அவள் கொல்லையில் பூசணி வளர்க்கிறாள்; நெல் நடுகிறாள், களை பறிக்கிறாள். பூசணிக் கொடிக்குள் கைவிட்டவளுக்கு ஒருநாள் நாகம் தட்டுப்படுகிறது. கணவன் நாதன் அதை வெட்டிப்போடுகிறான். ஒரு வருஷம் மழை கொட்டிப் பயிரை அழிக்கிறது. இன்னொரு வருஷம் மழையே இல்லை. இயற்கை அவளைத் தாலாட்டவில்லை, சோதிக்கிறது. ஆயினும் அவள் நிலத்தை விட்டு விலக நினைப்பதில்லை. அந்த ஊருக்குத் தோல் பதனிடும் தொழிற்சாலை வருகிறது. முன்னர் வந்துகொண்டிருந்த மீன்கொத்தியும் மடையானும் வருவதில்லை. காக்கையும் பருந்தும் மிஞ்சுகின்றன என்று ருக்மிணி கவனிக்கிறாள். பாலாற்று வழக்கு உச்ச நீதிமன்றத்தின் வாசலுக்கு வருவதற்குப் பல பத்தாண்டுகளுக்கு முன்பே எழுதியது இது.

கடைசியில் நிலச்சொந்தக்காரர் அந்த நிலத்தையே தொழிற்சாலைக்கு விற்றுவிட, முப்பது வருஷம் உழுத குடும்பம் வெளியேற்றப்படுகிறது. நாதன் குத்தகைதாரன், ருக்மிணிக்கு அந்தக் குத்தகையில்கூடப் பெயர் இல்லை. அந்த மண்ணை அவள் அளவுக்கு அறிந்தவர் யாரும் இல்லை. பத்திரத்தில் அவள் இல்லை. பீனா அகர்வால் 1994-இல் பெண்களுக்கு நில உரிமையைப் பற்றி ஒரு பெரிய நூல் எழுதினார். தமிழ்நாட்டில் கூட்டுக் குடும்பச் சொத்தில் பெண்மக்களுக்குப் பங்கு தரும் திருத்தச் சட்டம் 1989-இல் வந்தது. நாடு முழுவதற்கும் 2005-இல் வந்தது. பூமாதேவி என்று வணங்கியவர்கள், அந்தத் தேவியின் பெண்மக்களுக்கு ஒரு காணி எழுதி வைக்க எத்தனை காலம் யோசித்தார்கள் என்று பாருங்கள்.

வங்காளத்து மகாசுவேதா தேவியின் 'வேட்டை' என்ற சிறுகதையைச் சுருக்கமாகச் சொல்லிக் கடக்கிறேன். மேரி ஓராவோன் என்ற ஆதிவாசிப் பெண், வெள்ளைக்காரத் தோட்ட முதலாளி ஒருவன் விட்டுப்போன இரத்தத்தில் பிறந்தவள், நெடிய உருவம் உடையவள். அற்ப விலைக்குச் சால மரங்களை வாங்கி, அற்பக் கூலிக்கு ஆதிவாசிகளைக் கொண்டே வெட்ட வைக்கும் ஒப்பந்தக்காரன் ஒருவன் அவளையும் வளைக்கப் பார்க்கிறான். மரத்தைப் பார்க்கும் கண்ணாலேயே அவன் பெண்ணையும் பார்க்கிறான். சித்தாந்தம் நூறு பக்கங்களில் சொல்வதை ஆசிரியை அந்த ஒரே ஆசாமியில் அடக்கிவிட்டார். அங்கே பன்னிரண்டு வருஷங்களுக்கு ஒரு முறை பெண்கள் வேட்டைக்குப் போகும் திருவிழா உண்டு. அந்த நாளில் மேரி அவனை வரவழைத்துக் கொல்கிறாள். இங்கே காட்டுக்கும் பெண்ணுக்கும் உள்ள உறவு வேட்டைக்காரியின் உறவு. கருணை, பொறுமை முதலிய பட்டங்களோடு யாராவது அவளிடம் போனால் என்ன ஆவார்களோ, நான் அறியேன்.

அனிதா தேசாயின் 'மலைமேல் தீ' 1977-இல் வெளிவந்து மறுவருஷம் சாகித்திய அகாடமிப் பரிசு பெற்றது. துணைவேந்தராக இருந்தவரின் மனைவியாய், குழந்தைகளுக்கும் பேரப்பிள்ளைகளுக்கும் விருந்தாளிகளுக்கும் ஒரு முழு ஆயுளைச் செலவிட்ட நந்தா கௌல், முதுமையில் கசௌலி மலையில் தனி வீட்டுக்கு வந்துவிடுகிறாள். அவள் மரமாக விரும்புகிறாள். நிழல் தரவும் கனி தரவும் விரும்பும் மரமாக அன்று, யாருக்கும் பதில் சொல்ல வேண்டாத மரமாக. பெண்ணை மரத்தோடு ஒப்பிட்ட கவிகள் யாரும் நினைத்துப் பார்த்திராத ஒப்புமை இது! அவளிடம் வந்து சேரும் கொள்ளுப் பேத்தி ராக்காவோ, பூந்தோட்டத்தைத் திரும்பியும் பாராமல், குப்பையும் எரிந்த மரங்களும் கிடக்கும் பள்ளத்தாக்கிலேயே திரிகிறாள். குழந்தை மணத்தைத் தடுக்கப் போன இலா தாஸ் என்ற தோழி கற்பழித்துக் கொல்லப்படுகிறாள். செய்தி தொலைபேசியில் வருகிறது. காட்டுக்குத் தீ வைத்துவிட்டேன் என்று ராக்கா வந்து சொல்கிறாள். காட்டைக் கட்டிக்கொண்ட பெண்களை மட்டும் கணக்கில் எடுத்த சித்தாந்தத்துக்கு, காட்டைக் கொளுத்திய இந்தப் பெண்ணை எங்கே உட்கார வைப்பது என்று தெரிவதில்லை. தெரியாமல் இருப்பதே நல்லது என்பேன்.

தமிழுக்கு வருகையில் ராஜம் கிருஷ்ணனை விட்டுப் பேச வழியில்லை. தமிழில் சாகித்திய அகாடமிப் பரிசு பெற்ற முதற் பெண்மணி அவர்; கணவர் மின்சாரத்துறைப் பொறியாளர்; மாற்றலாகிப் போன இடங்களெல்லாம் இந்த அம்மையாருக்குப் பாடசாலைகளாயின. 1963-இல் வந்த 'குறிஞ்சித் தேன்' நீலகிரியின் படகர் சமூகத்தைப் பற்றியது. பன்னிரண்டு வருஷத்துக்கு ஒரு முறை பூக்கும் குறிஞ்சியால் காலத்தை அளந்த மக்களிடையே தேயிலையும் ரொக்கப் பணமும் நீர்மின் திட்டமும் வந்து சேர்ந்ததை அது சொல்கிறது. மின்சாரத்துறைக்காரரின் மனைவி அதை எழுதினார் என்பதை நான் எப்போதும் வியப்போடு நினைப்பதுண்டு. விளக்கு யார் வீட்டில் எரிகிறது, நிலம் யாருடையது போகிறது என்ற இரண்டும் அவருக்கு ஒரே சமயத்தில் தெரிந்திருக்க வேண்டும்.

ஆனால் என் மனத்தில் அதிகம் நிற்பது 1979-இல் வந்த 'கரிப்பு மணிகள்'. தூத்துக்குடிக்கே போய், உப்பளத்துத் தொழிலாளரோடு பழகி எழுதிய நாவல் அது. பொன்னாச்சி என்ற பெண் உப்பளத்துக்கு வேலைக்கு வருகிறாள். அங்கே மரம் இல்லை, பறவை இல்லை, கொல்லையில் பூசணி இல்லை. வெயிலும் கடல்நீரும் வெள்ளையாகப் பளபளத்துக் கண்ணைப் பறிக்கும் பாத்திகளும் இருக்கின்றன. மேற்பார்வை செய்கிற ஆண்களின் பார்வையும் இருக்கிறது. பிரகிருதியோடு நேரடிச் சம்பந்தம் என்று ஒன்று உண்டென்றால், உச்சிவேளையில் உப்பு நீரில் வெறுங்காலோடு நின்று உப்பை வாருகிறவளுக்கு இருப்பதைக் காட்டிலும் நேரடியான சம்பந்தம் வேறு யாருக்கு உண்டு? அதை ஒரு புலவனும் பாடவில்லை. உப்பளத்துக்கு ஒரு தேவியும் இல்லை. காட்டையும் நதியையும் விதையையும் பற்றிப் பேசுகிற நூல்களில் அளம் வருவது அபூர்வம், அங்கே காப்பாற்றுவதற்குப் பசுமையாக எதுவும் இல்லாததால் இருக்கலாம். அங்கே காப்பாற்ற வேண்டியிருப்பது அவளுடைய கண்ணும் காலும் கூலியும்; பிறகு குடிக்க ஒரு குடம் நல்ல தண்ணீர்.

உழவன் மனைவியான ருக்மிணி வானத்தைப் பார்த்து மழைக்கு ஏங்குகிறாள். ஐப்பசியில் மழை இறங்கினால் உப்பளத்தில் பாத்திகள் கரைந்து, வேலை நின்று, கூலியும் நின்றுபோகும். ஒருத்திக்கு அன்னமாகிற அதே மேகம் மற்றொருத்திக்குப் பட்டினி. இவ்விருவரையும் ஒரே தலைப்பின்கீழ் அடக்கிப் பெண்ணுக்கும் இயற்கைக்கும் உள்ள பந்தத்தைப் பற்றி நூல் எழுத முற்படுகிறவர்கள், அதற்கு முன்னால் ஒரு மழைக்காலத்தில் தூத்துக்குடிக்கு ரயில் ஏறி, அளத்து வீடுகளில் உலை வைத்திருக்கிறார்களா என்று பார்த்துவிட்டு வரட்டும்.